மூன்றாவது பாட்டில்

டிசம்பர் 9

கீழ்க்கானல் வந்து சேர்ந்தோம். மலைப்பாதையில் பூங்கோதைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இரண்டு முறை வாந்தி.

பள்ளியில் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியர் என்ன நோய் என்று கேட்டார், முதுகுவலி என்றேன். உண்மையான காரணம் பூங்கோதையின் சளி. மலைக் குளிர் அவளுக்கு ஆகாது. வேலை என்று இறங்கிவிட்டால் நேரத்துக்குச் சாப்பிடவும் மாட்டாள். சமைத்துப் போட ஒருவர் வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

அவள் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. இந்த ஊரின் கருங்கண்ணி ஓடை எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்லும்படி ஊராட்சி கேட்டிருக்கிறது. ஓடைக்கு மேலே மேலத்தோட்டம் என்று ஒரு காபித் தோட்டம். அங்கே பழத்தைத் தோலுரித்துக் கழுவும் கொட்டகையை மூன்று மடங்கு பெரிதாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். கழுவிய தண்ணீர் ஓடைக்குத்தான் வரும். ஜனவரியில் கோட்டாட்சியர் விசாரணை. அதற்குள், கழுவல் தொடங்குமுன் ஒரு முறையும் தொடங்கிய பின் ஒரு முறையும் ஓடையைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

கூட வேலை பார்ப்பவர் ஜெயசிங். நாகர்கோவில் பக்கம். பாளையங்கோட்டையில் இருவரும் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தவர்கள். கடந்த ஜூனில் அவளுடைய துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஜூலையிலிருந்து பூங்கோதை வீட்டுக்குள் வரும்போதே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். ஒரு தகவலாக இதை எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உயரம். தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. சாயம் போலத்தான் தெரிகிறது.

ஊராட்சித் தலைவர் ஒச்சம்மாள் எங்களுக்குத் தன் பழைய வீட்டைக் கொடுத்தார். ஜெயசிங்குக்கு நூலகக் கட்டடத்தில் ஓர் அறை. நூலகம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. நல்ல மனுஷி.

டிசம்பர் 10

ஓடையில் நான்கு இடங்கள் குறித்திருக்கிறார்கள். ஒன்று ஊற்றுக்குப் பக்கத்தில், இரண்டு மேலத்தோட்டத்துக்குச் சற்று மேலே, மூன்று தோட்டத்துக்கு நேர் கீழே, நான்கு ஊர்த் தடுப்பணையில். இன்று முதல் இடம். அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துப் போனது நான். அதை யாரும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

வேலை எப்படியென்றால், பூங்கோதை முழங்கால் தண்ணீரில் நின்று கால்களால் அடிக்கல்லைக் கிளறுகிறாள். கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் இழுப்பில் அடித்துக்கொண்டு வருகின்றன. அவளுக்கு எதிரே நின்று ஜெயசிங் வலையைப் பிடிக்கிறார். பிறகு அதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பொறுக்கிப் பாட்டிலில் போடுகிறார்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் மார்க் உண்டு. சுத்தமான தண்ணீரில் மட்டுமே பிழைப்பதற்குப் பத்து. சாக்கடையிலும் நெளியும் சிவப்புப் புழுவுக்கு இரண்டு. கூட்டிச் சராசரி எடுத்தால் ஓடையின் உடல்நிலை தெரிந்துவிடும். இருபது வருடமாக மார்க் போடுபவன் நான். எனக்கு இது உடனே பிடிபட்டது.

அவர்களுக்குள் ஆங்கிலப் பெயர்களில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குச் சொல்லும்போது மட்டும் பூங்கோதை, “இது மூணு வால், இது ரெண்டு வால், இது மணல்ல வீடு கட்டுறது” என்று வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறாள். ரெண்டு வால்தான் பத்து மார்க் பூச்சி. தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் முதலில் சாவது அதுதானாம்.

வலையை நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். கொடுத்தார். நான் பிடித்தபோது வலையின் அடிப்பக்கம் தூக்கிக்கொண்டு பாதி பூச்சிகள் கீழே போய்விட்டன. ஜெயசிங், “பழகணும் சார், எனக்கும் ஒரு வருசம் ஆச்சுலா” என்றார். வலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 11

இரண்டாம் இடம். மழைத்தூறல். மதியம் லெமன் சாதம். ஜெயசிங் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பர் 12

இன்று மூன்றாம், நான்காம் இடங்கள். நாளை முதல் மேலத்தோட்டத்தில் பழம் கழுவத் தொடங்குகிறார்கள் என்று ஒச்சம்மாள் சொல்லியிருந்தார். அதனால் அவசரம். இன்று எடுப்பதுதான் கழுவலுக்கு முந்தைய கடைசிச் சாட்சி. நாளை எடுத்தால் அது வேறு தண்ணீர்.

மூன்றாம் இடத்தில் தட்டில் கொட்டியதும் பூங்கோதை சத்தமில்லாமல் ஜெயசிங்கின் தோளைத் தட்டினாள். ரெண்டு வால், ஒன்றல்ல, தட்டு முழுக்க. போன வருடம் கழுவல் நின்ற பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கின்றன. இரண்டு தலையும் தட்டுக்கு மேலே ஒட்டினாற்போலக் குனிந்திருந்தன. அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது, அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பல் தெரிய, குனிந்த வாக்கிலேயே, மூக்கில் தண்ணீர் ஒழுக. என்ன வேடிக்கை என்று கேட்டேன். “ஒண்ணுமில்லைங்க, பழைய கதை” என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அவள் கை குளிரில் விறைத்திருந்ததால் மூன்றாம் பாட்டிலுக்கு மட்டும் ஜெயசிங் சீட்டு எழுதினார். மற்றதெல்லாம் பூங்கோதையின் எழுத்து. அவர் எழுதியதைப் படித்தேன். தேதி, இடம், பிறகு ‘எடுத்தவர்: கோதை’.

கோதை என்று நான் கூப்பிடுவேன். நான் மட்டும்தான் கூப்பிடுவேன் என்று நினைத்திருந்தேன். கேட்டதற்கு, பாளையங்கோட்டையில் படிக்கும்போதே எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று ஜெயசிங் சொன்னார். அப்படியானால் எனக்கு முன்பே இருந்த பெயர்.

பாட்டில்களில் இன்றே ஸ்பிரிட் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூச்சிகள் ஒன்றையொன்று தின்றும் அழுகியும் போகும். இருவரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு பாட்டில்களுக்கு ஊற்றியது போல இவற்றுக்கும் நானே ஊற்றி வைக்கிறேன், போய் வெந்நீரில் குளியுங்கள் என்றேன். பூங்கோதை நன்றியோடு பார்த்தாள். ஊற்றி வைத்தேன்.

ரசம் நன்றாக வந்தது.

டிசம்பர் 13

விடிந்ததும் மேலத்தோட்டத்து இயந்திரச் சத்தம். அரிசி, கேஸ் சிலிண்டர், அவளுக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கக் கீழே போய் வந்தேன். ஜெயசிங்குக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். நிறம் சுமார்.

டிசம்பர் 16

இன்றுதான் நுண்ணோக்கியை வைத்துப் பாட்டில்களைத் திறக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு சரி. மூன்றைத் திறந்ததும் அறையே நாறியது. உள்ளே கலங்கிய கூழ். ரெண்டு வால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பூங்கோதை என்னைப் பார்த்து, இதில் ஊற்றினீர்களா என்று கேட்டாள். எல்லாவற்றிலும்தான் ஊற்றினேன், இது ஒன்று விட்டுப்போயிற்றோ என்னவோ, மறந்திருப்பேன் என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மனிதன் என்றால் மறதி இருக்கும்.

தட்டைப் போனில் படம் எடுத்திருக்கிறார்களே, அது போதாதா என்று கேட்டேன். படத்திலிருப்பது எந்த ஓடைப் பூச்சி என்று எவன் நம்புவான் என்றாள்.

டிசம்பர் 17

ஜெயசிங் எல்லாப் பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டார். பாட்டில்கள் அவர் பொறுப்பு, பழக்கமில்லாத ஆளிடம் கொடுத்தது தப்பு, கொடுத்த பிறகாவது சரிபார்த்திருக்க வேண்டும் என்றார். பூங்கோதை அவரைக் கடுமையாகத் திட்டினாள். “உனக்கு எப்பவும் இதே அலட்சியம்தான்” என்றாள். நீ, உனக்கு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அவர் தலையைக் குனிந்து நின்றார்.

இடையில் போய் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் துறை விஷயம்.

ஒச்சம்மாளிடம் அயிரை மீன் கிடைத்தது. குழம்பு வைத்தேன். பசி நன்றாக எடுத்தது.

டிசம்பர் 20

இரண்டாம் சுற்று மாதிரிகள் எடுத்தாயிற்று. ஓடை ஓடையாக இல்லை. தோட்டத்துக்குக் கீழே தண்ணீர் டிகாஷன் நிறம். மேலே நுரை. புளித்த நாற்றத்தில் நிற்க முடியவில்லை. கல்லைப் புரட்டினால் வழவழவென்று ஒரு சவ்வு. தட்டில் கொட்டினால் சிவப்புப் புழுக்கள் மட்டும். அவை மட்டும் ஏகப்பட்டவை.

தடுப்பணையில் ஒச்சம்மாள் நின்றிருந்தார். போன வருடம் இந்தத் தண்ணீரில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மாடுகூட வாய் வைக்கவில்லை என்று சொன்னார். “மூணு மடங்கு பெருசாக்குனா நாங்க ஊரைத்தான் காலி பண்ணணும் சார். டீச்சரம்மா கையிலதான் இருக்கு” என்றார். பூங்கோதையைத்தான் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

இந்த முறை ஸ்பிரிட் ஊற்றியது ஜெயசிங். நான் பாட்டில்கள் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 22

கல்லூரி முதல்வரின் போன். மாதிரி கெட்டதற்கு ஜெயசிங் எழுத்தில் பொறுப்பேற்றிருக்கிறாராம். அப்படிப்பட்டவருக்கு ஜனவரிக்குப் பிறகு பணி நீட்டிப்பு தர முடியாது என்று சொல்லிவிட்டார். பூங்கோதை போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தலையில் மப்ளர்கூட இல்லாமல் பனியில் நின்றாள்.

மதியம் ஜெயசிங்கும் நானும் மட்டும் ஸ்பிரிட் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் கேனை இறக்கி வைத்தார்.

“சார், மத்த பாட்டில்ல எல்லாம் கழுத்து வரைக்கும் அளவு பார்த்து ஊத்தியிருக்கீங்க. ஒரு சொட்டு சிந்தல. மூணாவது பாட்டில்ல மூடிக்கு மேல நான் சுத்துன டேப்பு சுத்துனபடியே இருந்துச்சு. திறந்தே பார்க்கல நீங்க.”

கேன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன்.

“அவகிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா இந்த வேலையை விட்டுட்டு உங்களைப் பத்தியே யோசிச்சிட்டு இருப்பா. விசாரணை முடியட்டும்.”

கேனை அவரே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

என் மனைவியை அவ, இவ என்கிறார். அவள் எப்போது எதை யோசிப்பாள் என்று எனக்கே சொல்கிறார். என் தப்பைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மனிதராக நடக்கிறார். இவர் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

டிசம்பர் 25

ஜெயசிங் ஊருக்குப் போகவில்லை. வேலை பாக்கி. பூங்கோதை கீழேயிருந்து கேக் வரவழைத்திருந்தாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

ஜனவரி 3

அறிக்கை எழுதுகிறாள். முழுக்க வாசித்துக் காட்டினாள், ஒரு வாக்கியம் புரியாமலிருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் இடமும் இரண்டாம் இடமும் நல்ல ஆரோக்கியம், கழுவலுக்கு முன்னும் பின்னும். நான்காம் இடம் கழுவலுக்கு முன் மிதம், பின் மோசம். மூன்றாம் இடம் கழுவலுக்குப் பின் மிக மோசம், முன்பு என்ன நிலை என்று சொல்ல மாதிரி இல்லை. பாதுகாப்புத் திரவம் சேர்க்க மறந்ததால் கெட்டுவிட்டது என்று நேர்மையாக எழுதியிருக்கிறாள். பொறுப்பாளர் பெயர், ஜெயசிங்.

எல்லாம் புரிகிறது என்றேன்.

ஜனவரி 7

இதை ஒச்சம்மாள் கொடுத்த வீட்டுக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

சமுதாயக் கூடத்தில் விசாரணை. ஊர் முழுவதும் வந்திருந்தது. கோட்டாட்சியர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒச்சம்மாள் பேசினார். பிறகு பூங்கோதை அறிக்கையை விளக்கினாள். பச்சைப் புடவை. மேடைப் பேச்சாக இல்லாமல் எல்லோருக்கும் விளங்கும்படி பேசினாள். கூட்டம் அசையாமல் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் வரிசையில் ஜெயசிங்கின் முகத்திலும் அதே பெருமை இருப்பதைப் பார்த்தேன்.

மேலத்தோட்டத்துக்காக மதுரையிலிருந்து ஒரு வக்கீல். மரியாதையான மனிதர். எழுந்து நின்று ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டிலில் திரவம் ஊற்ற மறந்துவிட்டதாக அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மறந்தவர் பெயர் ஜெயசிங். கழுவலுக்குப் பின் எடுத்த அத்தனை பாட்டிலுக்கும் திரவம் ஊற்றியதும் அதே ஜெயசிங்.

“ஒரு பாட்டில்ல மறந்தவர் இன்னொண்ணுல மறக்கலைன்னு எப்படி நம்புறது? இந்தப் பூச்சிகள் எல்லாம் ஓடையில செத்துச்சா, பாட்டில்ல செத்துச்சாம்மா?”

பின்னால் சிலர் சிரித்தார்கள். கோட்டாட்சியர் பேனாவை வைத்துவிட்டுப் பூங்கோதையைப் பார்த்தார். பதில் இருக்கிறதா என்று கேட்டார். பூங்கோதை ஜெயசிங்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பழியே ஓடையின் கழுத்தைப் பிடித்திருந்தது. அதை விடுவிக்க அவரால் முடியாது. விடுவித்தால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது. அறிக்கையின் விளிம்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

யார் நீங்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார். மாசிலாமணி, வணிகவியல் ஆசிரியர், இவருடைய கணவர் என்றேன். மூன்றாவது பாட்டிலில் திரவம் ஊற்ற வேண்டியது நான்தான், ஜெயசிங் அல்ல என்றேன்.

“அப்ப நீங்கதான் மறந்தீங்களா?” என்று வக்கீல் கேட்டார். கேள்வியில் ஒரு கேலி இருந்தது. அவருக்கு யார் மறந்தாலும் ஒன்றுதான்.

மறந்தேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஜெயசிங்கின் பெயர் தப்பியிருக்கும். ஆனால் மறதி என்றால் முதல் சுற்றில் நான் ஊற்றிய எல்லாப் பாட்டிலிலும் சந்தேகம் வரும். அவள் ஒரு மாதம் தண்ணீரில் நின்றது வீண்.

“மறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன். அந்த ஒண்ணுல மட்டும்.”

கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். யாராவது பணம் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் என்றார்.

“அந்தச் சீட்டு இவர் எழுதுனது. என் சம்சாரத்தை நான் கூப்பிடுற பேரை எழுதியிருந்தாரு.” இதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்த்தேன். அந்த அம்மாள் பார்வையை எடுக்கவில்லை. “பொறாமைங்கம்மா. வேற காரணம் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் மற்ற பாட்டில்களையும் கெடுத்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்.

“மத்ததெல்லாம் அவ கையெழுத்து” என்றேன். “அதை எப்படிங்க கெட விடுவேன்?”

உட்கார்ந்தேன். பூங்கோதையின் பக்கம் பார்க்கவில்லை.

கோட்டாட்சியர் மூன்றாவது பாட்டிலை மட்டும் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றும் மற்றவற்றை ஏற்பதாகவும் சொன்னார். கொட்டகையைப் பெரிதாக்க இப்போதைக்கு அனுமதி இல்லை. கழுவிய தண்ணீரைத் தொட்டி கட்டி நிறுத்த வேண்டும், ஓடைக்கு விடக் கூடாது. அடுத்த நவம்பரில் இதே குழு திரும்பவும் சோதித்து அறிக்கை தர வேண்டும், அரசுத் தரப்பில் ஒருவர் கூட இருப்பார். ஒச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் கலைந்தபோது எல்லோரும் என்னைச் சுற்றி வழிவிட்டு நடந்தார்கள், ஈரச் சுவரைத் தொடாமல் போவது போல.

ஜனவரி 8

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். பேசவில்லை.

ஜனவரி 10

கல்லூரி முதல்வருக்கு நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பள்ளிக்குப் போனேன். முதுகுவலி ஆசாமி மலையில் விசாரணைக் கூட்டத்தில் பேசிய செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தலைமையாசிரியர் மெமோ கொடுத்தார். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு மாறுகிறது.

வீட்டில் அவள் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். உப்பு போதுமா, கதவைச் சாத்தினீர்களா.

ஜனவரி 12

ஞாயிற்றுக்கிழமை. அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீங்களே, என்கிட்ட ஏன் சொல்லல?”

தைரியம் வரவில்லை என்றேன்.

“ஊருக்கு முன்னாடி மட்டும் வந்துச்சா?”

உன் முகத்தைப் பார்த்ததும் வந்தது என்று சொல்ல நினைத்தேன். வசனம் போல இருக்கும் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு, ஜெயசிங் எம்.எஸ்ஸி. முடித்த வருடம் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

“வேண்டாம்னுட்டேன். எங்க வீட்டுக்குப் பயந்துகிட்டு இல்ல. அவன்கூட வேலை பார்க்கணும்னு இருந்துச்சு. கட்டிக்கிட்டா அவன் பேராசிரியர் ஆவான், நான் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிட்டு வீட்ல இருப்பேன். எங்க கிளாஸ்ல கட்டிக்கிட்ட எல்லாருக்கும் அதான் நடந்துச்சு. அவன் மேல ஆசை இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதைவிட இந்த ஆசை பெருசா இருந்துச்சு.”

அப்படியானால் என்னை ஏன் கட்டிக்கொண்டாய் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப, என்ன ஆராய்ச்சி பண்றேன்னு கேட்டீங்க. பூச்சின்னு சொன்னேன். எங்க அம்மா முகம் சுளிச்சாங்க. நீங்க, ‘அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க பாத்துக்கங்க’ன்னீங்க. இவர் என் வேலையில கை வைக்க மாட்டார்னு நினைச்சேன். அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்.”

குக்கர் சத்தம் கொடுத்தது. எழுந்து போனாள். அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, நான் கீழே வைத்த அவரையை எடுத்து அவளே உரித்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். “ம்” என்றாள். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 2

ஜெயசிங்குக்குப் பணி நீட்டிப்பு கிடைத்துவிட்டது. பூங்கோதை சாப்பிடும்போது சொன்னாள். நல்லது என்றேன். பாதி உண்மை.

நவம்பர் 18

காலையில் பூங்கோதையும் ஜெயசிங்கும் மறுசோதனைக்குக் கீழ்க்கானல் போனார்கள். நேற்று அவள், நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டாள். ஒப்புக்குக் கேட்கவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். விடைத்தாள் எதுவும் இல்லை. போனால் நான் ஓடையைப் பார்க்க மாட்டேன், அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். துணி துவைத்தேன். மின்விசிறியைத் துடைத்தேன். பதினொரு மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டேன். பொறாமையாகத்தான் இருந்தது. நாள் முழுவதும் இருந்தது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

மூன்று மணிக்குப் போன். பின்னணியில் தண்ணீர்ச் சத்தம். மூச்சு வாங்கப் பேசினாள். தோட்டத்துக்காரர்கள் தொட்டி கட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் கசிகிறது, ஆனாலும் தோட்டத்துக்குக் கீழே ரெண்டு வால் இரண்டு கிடைத்திருக்கிறது. “ரெண்டே ரெண்டுதாங்க. ஆனா இருக்கு.” அந்தச் சிரிப்பு. இந்த முறை என் காதுக்குள்ளேயே கேட்டது.

இன்னும் நல்லா பாரு, கல்லுக்கடியில இருக்கும் என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு என்ன தெரியும்.

சரிங்க என்றவள் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள் போலிருக்கிறது. கல் புரளும் ஓசை. யாரோ அரசு ஆள் ஏதோ கேட்கிறார். அவள் பதில் சொல்கிறாள். நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். போனைக் காதோடு அழுத்தியதில் காது வலித்தது.

பிறகு ஜெயசிங்கின் குரல், பக்கத்தில். “மாசிலாமணி சார் என்ன சொன்னாரு?” என்று கேட்டார். பூங்கோதை சிரித்துவிட்டு, “அவரா?” என்றாள்.

அடுத்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அணைத்துவிட்டேன்.